கால், கால், அரை: மென்பொருளாளர் மாதக் கூட்டங்களும் தமிழ் மாணவரும்

முன்னுரை

கணினித் துறையில் பயிலும் மாணவர்கள் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் விரிவுரை மண்டபத்தில் அமர்ந்து கற்கின்றனர். குறிப்பெடுத்து, இடுபணி செய்து, தேர்வெழுதிப் பட்டம் பெறுகின்றனர். ஆயினும் முதல் வேலையில் சேர்ந்த சில வாரங்களிலேயே, உடன் பணிபுரிவோர் அன்றாடம் பேசும் கருவிகள் பலவற்றின் பெயரைக்கூடத் தாங்கள் கேட்டதில்லை என்பதை உணர்கின்றனர். இதற்காக விரிவுரையாளர்களைக் குறைகூற இயலாது. பாடத்திட்டம் ஒருமுறை வகுக்கப்பட்டால் சில ஆண்டுகளுக்கு அதுவே நடைமுறையில் இருக்கும். மென்பொருளோ அதற்காகக் காத்திருப்பதில்லை. பைத்தான் என்னும் நிரல்மொழியை மட்டும் எடுத்துக்கொண்டால், 2020 முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தில் அதன் புதிய பதிப்பு ஒன்று வெளிவந்துள்ளது. முதலாம் ஆண்டில் ஒரு பதிப்பைக் கற்ற மாணவர் பட்டம் பெறுவதற்குள் மூன்று பதிப்புகள் கடந்துவிடுகின்றன.

இந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ள மென்பொருளாளர்கள் தாங்களாகவே செய்துகொண்ட ஏற்பாடுதான் பயனர் குழு. ஒரே கணினியையோ நிரல்மொழியையோ இயங்குதளத்தையோ பயன்படுத்துவோர் மாதம் ஒருமுறை கூடி, தம்முள் ஒருவரை அல்லது இருவரைப் பேசச் சொல்லிக் கேட்பர். பெரும்பாலும் கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. இத்தகைய கூட்டங்களின் வரலாற்றையும் அமைப்பையும் பயனையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தமிழ் மாணவர்கள் இக்கூட்டங்களில் கேட்போராக மட்டும் இருந்துவிடாமல் பேசுவோராகவும் ஆக வேண்டும் என்பதே இதன் மையக் கருத்து.

தோற்றமும் வளர்ச்சியும்

பயனர் குழுக்களுள் மூத்ததாகக் கருதப்படுவது அமெரிக்காவில் தோன்றிய 'ஷேர்' என்னும் அமைப்பாகும். ஐ.பி.எம். நிறுவனம் 701 என்னும் கணினியை அடுத்து 704 என்னும் கணினியை விற்க முற்பட்டபோது, பழைய கணினிக்கு எழுதிய நிரல்கள் புதியதில் ஓடா என்ற நிலை ஏற்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் இருந்த விமானத் தயாரிப்பு நிறுவனங்கள் முதலியன அனைத்தையும் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் வர்க்கமூலம் காணவும் எண்களை உருமாற்றவும் தனித்தனியே நிரல் எழுதுவது வீண்செலவு என்பதை அங்கிருந்த நிரலாளர்கள் உணர்ந்தனர். ஆகவே, 1955ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சாந்தா மோனிக்காவில் உள்ள ரேண்ட் நிறுவனத்தில் கூடினர். சந்தையில் போட்டியாளர்களாக இருந்த நிறுவனங்களின் பணியாளர்கள் ஒரே மேசையில் அமர்ந்து நிரல்களைப் பகிர்ந்துகொண்டனர். பகிர்தல் என்னும் பொருள் தரும் சொல்லே அவ்வமைப்பின் பெயராயிற்று. 1961இல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனக் கணினிகளின் பயனர்களும் 'டெக்கஸ்' என்னும் குழுவை அமைத்தனர்.

இவை நிறுவனங்களின் குழுக்கள். தனிமனிதர்களின் குழு தோன்றுவதற்கு, கணினியைத் தனிமனிதர் வாங்க இயலும் காலம் வர வேண்டியிருந்தது. 1975 சனவரியில் 'ஆல்டேர் 8800' என்னும் சிறு கணினி ஓர் இதழின் அட்டையில் இடம்பெற்றது. அவ்வாண்டு மார்ச் 5ஆம் நாள், கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கோர்டன் பிரெஞ்சு என்பவரின் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் ஏறத்தாழ 30 பேர் கூடினர். அதுவே 'ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்'பின் முதற்கூட்டம். பின்னாளில் கூட்டம் பெருகியதால் இரு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்டான்போர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தின் அரங்கில் கூடினர். லீ பெல்சன்ஸ்டைன் கூட்டத்தை நெறிப்படுத்தினார். முற்பகுதியில் எவரும் எழுந்து தம்மிடம் உள்ள செய்தியையோ தமக்குத் தேவையான உதவியையோ சொல்லலாம். பிற்பகுதியில் இருக்கைகளை விட்டு எழுந்து, தமக்கு வேண்டியவரைத் தேடிச் சென்று உரையாடலாம். யாரிடம் என்ன இருக்கிறது என்பதை முதலில் அறிந்து, பிறகு அவரை நேரே நாடும் இவ்வமைப்பு மிகவும் எளிமையானது.

முதற்கூட்டத்திற்கு வந்தவர்களுள் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஒருவர். கூட்டத்தில் கையுயர்த்திப் பேசக் கூச்சப்பட்டவர் தாம் என்று அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஆனால், தாம் உருவாக்கிய கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, சூழ்ந்து நின்றோருக்கு விளக்கினார். அதன் வரைபடத்தையும் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். அக்கணினியே 1976இல் 'ஆப்பிள் 1' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மேடை ஏறத் தயங்கியவருக்கும் அக்கூட்டத்தில் பேச ஒரு வழி இருந்தது என்பது இங்கே கருதத்தக்கது.

பகிர்தல் எப்போதும் பூசலின்றி நடந்துவிடவில்லை. தம் நிறுவனம் எழுதிய பேசிக் மொழிபெயர்ப்பியை விலை கொடுக்காமல் படியெடுத்துப் பரப்புகின்றனர் என்று பில் கேட்ஸ் 1976 பிப்ரவரியில் பொழுதுபோக்குக் கணினியாளர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். எதைப் பகிரலாம், எதைப் பகிரலாகாது என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது. அதற்குப் பின்னாளில் கிடைத்த விடைகளுள் ஒன்றுதான் கட்டற்ற மென்பொருள் உரிமங்கள். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்ட பின்னர், உலகின் பல நகரங்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் தோன்றின. நிறுவுவதற்கே கடினமாக இருந்த அக்கால லினக்ஸை ஒருவர் துணையின்றிக் கற்பது அரிது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மாதக் கூட்டம் என்னும் வழக்கம் வேரூன்றியதற்கு இக்குழுக்கள் முக்கியக் காரணமாகும். சிங்கப்பூரில் 2009இல் தொடங்கப்பட்ட ஹேக்கர்ஸ்பேஸ் இத்தகைய கூட்டங்கள் பலவற்றுக்கு இடமளித்தது. 2010இல் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் முதல் பைத்தான் மாநாடும் சிங்கப்பூரிலேயே நடந்தது.

ஒரு மாதக் கூட்டத்தின் அமைப்பு

கிள்ளான் பள்ளத்தாக்கில் நடைபெறும் கூட்டம் ஒன்று எவ்வாறு அமையும் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். வேலை நாள் ஒன்றின் மாலை ஏழு மணி வாக்கில் கூட்டம் தொடங்கும். ஏதேனும் ஒரு மென்பொருள் நிறுவனம் தன் அலுவலகக் கூடத்தை இலவசமாகக் கொடுக்கும். எல்.ஆர்.டி. நிலையத்திற்கு அருகில் உள்ள இடமாக இருந்தால் மாணவர்கள் வருவர். கார் இருந்தால்தான் போக முடியும் என்ற இடமாக இருந்தால் வருவோர் தொகை பாதியாகிவிடும். இடம் கொடுத்தவர்கள் பீட்சாவோ நாசி லெமாக்கோ வாங்கி வைத்திருப்பர். முதல் அரைமணி நேரம் உண்பதிலும் அறிமுகத்திலும் கழியும்.

அதன்பின் இரண்டு உரைகள் நடைபெறும். ஒவ்வொன்றும் இருபது முதல் முப்பது நிமிடங்கள் வரை நீளும். உரைகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, புதிய கருவி ஒன்றை அறிமுகப்படுத்தும் உரை. இரண்டாம் வகை, ஒரு திட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை எவ்வாறு கட்டினோம் என்று விளக்கும் உரை. மூன்றாம் வகை, தோல்வியைப் பற்றிய உரை. நள்ளிரவில் சர்வர் நின்றுபோனது ஏன், தரவுத்தளம் மெதுவானதற்கு முதலில் எதைக் காரணமாக நினைத்தார்கள், உண்மைக் காரணம் எங்கே இருந்தது என்பவற்றை நடந்தது நடந்தபடியே சொல்வர். இம்மூன்றாம் வகைக்குத்தான் அறையில் மிகுந்த அமைதி நிலவும். பாடநூல்கள் சரியான வழியை மட்டுமே அச்சிடுகின்றன. தவறான வழியில் மூன்று நாள் நடந்தவர் திரும்பி வந்து சொல்லும் செய்தி அவற்றில் கிடைக்காது.

இறுதியில் 'மின்னல் உரைகள்' உண்டு. ஒருவருக்கு ஐந்தே நிமிடம். இப்பெயர் 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நடந்த பெர்ல் நிரல்மொழி மாநாட்டில் மார்க் ஜேசன் டொமினஸ் நடத்திய அமர்வின் வழிப் பரவியது. உரை நன்றாக அமையாவிட்டாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால், பேசுபவருக்கும் அச்சமில்லை, கேட்பவருக்கும் சலிப்பில்லை. முதன்முறை பேசுவோருக்கு இதைவிடத் தகுந்த வாயில் இல்லை எனலாம்.

கூட்டம் முடிந்ததும் பத்துப் பேராவது அருகிலுள்ள மாமாக் கடைக்குச் செல்வர். அறையில் கேட்கத் தயங்கிய வினா, தே தாரிக் மேசைக்கு வந்ததும் எளிதாக வெளிவரும். எந்த நிறுவனம் ஆள் எடுக்கிறது, தொழிற்பயிற்சி மாணவருக்கு எங்கே உண்மையான வேலை கொடுக்கிறார்கள் என்னும் செய்திகளும் அங்கேதான் கிடைக்கும். ஹோம்புரூ கூட்டத்தின் பிற்பகுதிக்கு நம் நாட்டில் அமைந்த வடிவம் மாமாக் கடை என்று சொன்னால் அது மிகையாகாது.

நன்னூல் காட்டும் கணக்கு

இக்கூட்டங்களால் விளையும் பயனை அளந்து காட்ட நம்மிடமே ஓர் அளவுகோல் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இலக்கணம் தொடங்குவதற்கு முன் பொதுப்பாயிரத்தில் கல்வி கற்கும் முறையைப் பேசுகிறது. ஆசிரியர் சொன்னதை ஒருவர் எவ்வளவுதான் நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் அவருக்குக் கிட்டுவது புலமையில் கால் பங்குதான் என்பது பவணந்தியார் கருத்து. உடன் கற்போரோடு பயில்வதால் மற்றொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கு, தாம் கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும்.

இக்கணக்கை நம் பல்கலைக்கழக வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கலாம். விரிவுரை மண்டபம் தருவது முதல் கால் பங்கு. விடுதி அறையில் நண்பர்களோடு சேர்ந்து இடுபணி செய்வது இரண்டாம் கால் பங்கின் ஒரு பகுதி. எடுத்துரைத்தல் என்னும் அரைப் பங்குக்கு நம் கால அட்டவணையில் உள்ள இடம் மிகக் குறைவு. திட்டப்பணியைப் படைப்பதற்கு ஒதுக்கும் சில நிமிடங்கள் புள்ளிக்காக நடப்பவை. அங்கே கேட்பவர் ஏற்கெனவே விடை அறிந்தவர். நாம் அறிந்திருக்கிறோமா என்று சோதிக்கவே கேட்கிறார். பயனர் குழுவில் கேட்பவர் உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பிக் கேட்கிறார். நாளைக் காலையில் தம் அலுவலகத்தில் பயன்படுத்தப் போகிறவருக்கு மேலோட்டமான விளக்கம் போதாது. 'அது எப்படி?' என்று அவர் ஒருமுறை கேட்டால், நமக்குத் தெரிந்ததாக நாம் எண்ணியிருந்ததன் எல்லை நமக்கே தெரிந்துவிடும்.

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லின் பொருளும் இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது. திருக்குறளின் 42ஆம் அதிகாரம் கேள்வி. அங்கே அச்சொல் அறிந்தோர் சொல்வதைக் கேட்டுப் பெறும் அறிவைக் குறிக்கிறது. இன்றைய வழக்கில் அதே சொல் வினாவைக் குறிக்கிறது. கேட்டலும் வினாவுதலும் ஒரே அறையில் ஒரே மாலையில் நடப்பதால், மாதக் கூட்டம் அச்சொல்லின் இரு பொருளுக்கும் இடமாகிறது.

ஐந்து நிமிட உரைக்கு ஓர் எடுத்துக்காட்டு

'பேசுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? அங்கே வருவோர் பத்தாண்டு அனுபவம் உள்ளவர்கள்' என்பதே நம் மாணவர்கள் பலர் சொல்லும் தடை. தமிழ் அறிந்த மாணவர் ஒருவர் எந்தக் குழுவிலும் துணிந்து பேசத்தக்க தலைப்பு ஒன்றை இங்கே காட்டலாம்.

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு மாணவரும் மூன்று என்பார். பைத்தான் மொழியிடம் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்னும் விடை வரும். யுனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்னும் ஐந்து குறிகளாக அச்சொல் பதியப்படுவதே காரணம். அதைக் கோப்பில் யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால், குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு வீதம் பதினைந்து பைட்டு ஆகிறது. ஒரே சொல்லுக்கு மூன்று, ஐந்து, பதினைந்து என மூன்று நீளங்கள்! இதில் எது சரி என்பது நாம் எதற்காக அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அச்சொல்லை நிரலால் தலைகீழாகத் திருப்பினால், மகரத்தோடு இருந்த இகரக் குறி ழகரத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். புள்ளி ஒட்ட எழுத்தின்றி முன்னால் நிற்கும். பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தினாலும் சிக்கல் எழும். நெடுங்கணக்கில் கடைசி மெய்யான னகரம், யுனிகோடு அட்டவணையில் நகரத்தை அடுத்து, பகரத்திற்கு முன் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே, குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் நம் அகராதி வரிசையைத் தராது. தமிழுக்கென வரையறுத்த ஒழுங்குவிதியை அதனிடம் தனியே சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் ஐந்து படவில்லைகளைக் கொண்டு விளக்கிவிடலாம். அறையில் இருக்கும் மலாய், சீன நண்பர்களுக்கும் இது பயன்படும். ஓர் எழுத்து என்பது ஒரு குறிதான் என்று எண்ணி எழுதிய நிரல், பயனர் தம் பெயரைத் தமிழிலோ தாய்லாந்து மொழியிலோ உள்ளிடும் நாளில் தவறும். முகக்குறிகளை உள்ளிட்டாலும் அதே தவறு நேரலாம். பத்தாண்டு அனுபவம் உள்ளவர் அறியாத ஒன்றைத் தமிழ்ப்பள்ளியில் நெடுங்கணக்கு கற்ற மாணவர் அறிந்திருக்கிறார் என்பதற்கு இது சான்று.

மொழியும் தயக்கமும்

நம்முள் பலர் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பின் தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய் வழியாகக் கற்று, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் நிரல் எழுதுகிறோம். ஒவ்வொரு முறை பள்ளி மாறும்போதும் முதல் சில மாதங்கள் வகுப்பில் வாய் திறவாமல் இருப்பது வழக்கம். நாளடைவில் மொழி வசப்பட்டுவிடுகிறது. ஆனால், வாய் திறவாத பழக்கம் மட்டும் பலரிடம் தங்கிவிடுகிறது. தமிழ்ப்பள்ளி மேடையில் கதைசொல்லும் போட்டியில் முழங்கிய மாணவர், விரிவுரை மண்டபத்தின் பின்வரிசைக்குச் சென்றுவிடுகிறார். நன்னூல் கணக்குப்படி பார்த்தால் அவர் இழப்பது அரைப் பங்கு. வேலைக்கான நேர்முகத் தேர்வில் இந்த இழப்பு வெளிப்படையாகத் தெரியும். அங்கே கேட்கப்படுவது 'நீங்கள் செய்ததை விளக்குங்கள்' என்பதாகவே பெரும்பாலும் இருக்கும்.

இக்குழுக்களில் பேசப்படுவது பெரும்பாலும் ஆங்கிலம். ஆனால், அது மூன்று மொழி கலந்து ஓடும் மலேசிய ஆங்கிலம். இலக்கணப் பிழை பார்த்து எவரும் புள்ளி குறைப்பதில்லை. திரையில் நிரல் ஓடினால் பேச்சு பாதி புரிந்துவிடும். ஆகவே, ஆங்கிலத்தில் பேசப் பழகுவதற்கும் இது நல்ல களமாகும்.

தமிழிலேயே இத்தகைய உரைகள் இயலுமா என்று சிலர் ஐயுறலாம். தமிழ்நாட்டில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு தொழில்நுட்ப உரைகளைத் தமிழிலேயே நடத்திக் காட்டியுள்ளது. 2012இல் தொடங்கப்பட்ட கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் கட்டுரைகள் வெளியிட்டது. நம் வட்டாரமும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. 2000இல் மீண்டும் சிங்கப்பூரிலும் 2001இல் கோலாலம்பூரிலும் அம்மாநாடு நடந்தது. முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன் மலேசியர். கணினியில் தமிழ் ஏறியதே இப்படிப்பட்டவர்கள் கூடிப் பேசி, வாதிட்டு, உடன்பட்டதன் விளைவுதான்.

குழுக்கள் நலிவடையும் காரணங்கள்

இக்கூட்டங்களைக் குறையற்றவை என்று கூறிவிட முடியாது. ஓராண்டு சிறப்பாக நடந்து, அடுத்த ஆண்டு ஓசையின்றி மறைந்த குழுக்கள் பல. ஒருவரே இடம் பிடித்து, பேச்சாளரைத் தேடி, உணவுக்கும் ஏற்பாடு செய்தால், அவர் வேலை மாறும் நாளில் குழுவும் முடிந்துவிடும். இடம் கொடுக்கும் நிறுவனம் தன் விற்பனைப் பொருளைப் பற்றியே பேசச் சொன்னால், அடுத்த மாதம் நாற்காலிகள் காலியாக இருக்கும். அறிந்தவர்களே மாறி மாறிப் பேசினால், புதியவர் வருவார், கேட்பார், மறுமுறை வரமாட்டார். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது கூட்டங்கள் இணையத்திற்கு மாறின. உரையைத் திரையில் கேட்க முடிந்தது. தொலைவில் இருந்தவர்களுக்கு அது நன்மையாகவும் இருந்தது. ஆனால், உரைக்குப் பிந்திய மாமாக் கடையை எந்த மென்பொருளும் தரவில்லை.

நீடித்து நிற்கும் குழுக்களில் பொதுவாக இரண்டு பண்புகளைக் காணலாம். மாதத்தின் இன்ன வாரம், இன்ன கிழமை என்று நாள் மாறாமல் இருக்கும். பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடக்கும். பொறுப்புகள் இருவர் மூவரிடம் பகிர்ந்திருக்கும்.

நம் கழகம் செய்யத்தக்கவை

நம் தமிழ் மொழிக் கழகம் பட்டிமன்றமும் கலைவிழாவும் நடத்துகிறது. அவற்றுக்குப் பல வார உழைப்பும் நன்கொடையும் தேவைப்படுகின்றன. மாதக் கூட்டத்திற்கு ஒரு வகுப்பறையும் புரொஜெக்டரும் தேநீரும் போதும். ஆகவே, கீழ்க்காணும் பரிந்துரைகளைக் கழகத்தின் முன் வைக்கலாம்.

முதலாவதாக, ஒவ்வொரு தவணையிலும் மாதம் ஒருமுறை, நாள் மாறாத தமிழ்த் தொழில்நுட்பக் கூட்டம் ஒன்றைத் தொடங்கலாம். இருபது நிமிட உரை ஒன்று, ஐந்து நிமிட உரைகள் மூன்று என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கணினி மாணவர் மட்டுமே பேச வேண்டும் என்பதில்லை. மருத்துவம், பொறியியல், கணக்கியல் மாணவர்களும் தாங்கள் கற்றதைத் தமிழில் எடுத்துரைக்கலாம். கலைச்சொல் கிடைக்காத இடத்தில் வழக்கில் உள்ள சொல்லையே சொல்லிவிட்டு மேலே செல்லலாம். பொருத்தமான சொல்லை அவையே தேடித் தரும்.

இரண்டாவதாக, பணியில் இருக்கும் முன்னாள் மாணவர்களை ஆண்டு விருந்துக்கு அழைப்பதோடு நில்லாமல், இக்கூட்டத்தில் தங்கள் தொழிலில் நேர்ந்த ஒரு தோல்வியைப் பற்றிப் பேச அழைக்க வேண்டும். வெற்றிக் கதைகளை வேறு மேடைகளிலும் கேட்கலாம்.

மூன்றாவதாக, நகரில் நடக்கும் பயனர் குழுக் கூட்டங்களுக்கு நால்வர் ஐவராகச் சேர்ந்து செல்லலாம். தனியே செல்லத் தயங்குவோர், குறிப்பாக ஆண்களே நிறைந்த அறைக்குச் செல்லத் தயங்கும் மாணவியர், துணையோடு சென்றால் தயக்கம் குறையும். பெற்றோரிடம் இரவு நேரத்தைப் பற்றி விளக்குவதும் எளிதாகும்.

முடிவுரை

1955இல் வீண்செலவைத் தவிர்க்கக் கூடிய நிரலாளர்கள் தொடங்கிய வழக்கம், வடிவம் மாறி நம் நகரங்கள் வரை வந்துள்ளது. அதன் அடிப்படை மட்டும் மாறவில்லை. ஒருவர் பட்ட பாட்டை மற்றவர் மீண்டும் படத் தேவையில்லை என்பதே அவ்வடிப்படை. நன்னூலார் பிரித்துக் காட்டிய பங்குகளுள் முதல் காலைப் பல்கலைக்கழகம் தருகிறது. இரண்டாம் காலை நண்பர்கள் தருகின்றனர். எஞ்சிய அரையை எவரும் நமக்குக் கொடுக்க இயலாது. நாமே எழுந்து பேசித்தான் பெற வேண்டும். அடுத்த தவணை தொடங்கும் முன், இக்கட்டுரையைப் படிக்கும் ஒவ்வொருவரும் தமக்கு நன்கு தெரிந்த ஒன்றை ஐந்து நிமிடத்தில் சொல்ல ஆயத்தமாகட்டும். தலைப்பு சிறியதாக இருந்தால் போதும்.